உங்க கேட்டுக்குள்ள தண்ணி வரலையா? அப்ப அது யார் வீட்டுக்குப் போச்சு?

1/
இது கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க. சென்னைப் புறநகர்ல ஃப்ளாட் புக் பண்ணலாம்னு இருக்கீங்கன்னா கட்டாயம் படிங்க.

"காய்ச்சல், சுகர் பத்தி எழுதுற டாக்டருக்கு மழைநீர் வடிகால்ல என்ன வேலை?"ன்னு கேட்பீங்க. கார்த்திகை மாசம் என் கிளினிக் பெஞ்சுல உட்கார்ந்திருக்கிற பல பேருக்கு நோய் தொடங்கின இடமே வடிகால்தான். ஒண்ணு, இல்லாத வடிகால். இல்லன்னா, தப்பா கட்டின வடிகால்.

2/
நான் சொல்ல வர்றது ஒரே விஷயம்.

ஒரு பெரிய குடியிருப்பு தன் மேல விழுற மழையைத் தானே பிடிச்சு வெச்சு, மெதுவா, சரியான இடத்துல கொண்டுபோய் விடணும். அதைச் செய்யாத குடியிருப்பு தன் தண்ணியைப் பக்கத்துத் தெருவுக்கு அனுப்புது. தண்ணியோட சேர்த்து நோயையும் அனுப்புது.

அதனால, வடிகாலைக் கட்டி, அது வேலை செய்யுதுன்னு காட்டுற வரைக்கும் ஒரு வீட்டுக்குக்கூட சாவி கொடுக்கக் கூடாது.

3/
புது ப்ராஜெக்ட் விளம்பரம் எதையாவது எடுத்துப் பாருங்க. கிளப் ஹவுஸ் இருக்கும், நீச்சல் குளம் இருக்கும், ஜிம் இருக்கும், குழந்தைங்க விளையாட இடம் இருக்கும், நாய் நடக்கத் தனிப் பாதைகூட இருக்கும். ஏர்போர்ட்டுக்கு எத்தனை நிமிஷம்னு போட்டிருப்பாங்க.

இந்த இடத்துல விழுற மழைத்தண்ணி எந்த வழியா, எந்த ஏரிக்கு அல்லது எந்தக் கால்வாய்க்குப் போகும்னு ஒரு வரி இருக்கா? நான் பார்த்த வரைக்கும் இல்ல. வாங்குறவங்களும் கேட்கிறது இல்ல. மாடுலர் கிச்சன் கலரைப் பத்திப் பத்து கேள்வி கேட்கிறோம். தண்ணி எங்க போகும்னு ஒரு கேள்வி கேட்கிறது இல்ல.

4/
ஒரு சின்னக் கணக்கு போடலாம். பள்ளிக்கூடக் கணக்குதான், பயப்படாதீங்க.

10 ஏக்கர் நிலம். அதாவது சுமார் 40,470 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்துல 5 செ.மீ. மழை. வடகிழக்குப் பருவமழையில இது நமக்குப் புதுசு இல்ல. அந்த நிலத்து மேல விழுற தண்ணி சுமார் 20 லட்சம் லிட்டர்.

5/
அது வயலாகவோ மேய்ச்சல் நிலமாகவோ இருந்தப்ப, மண்ணு கணிசமா குடிச்சுக்கும். நூத்துல 30 பங்கு வெளியே ஓடும்னு வெச்சுக்குவோம். 6 லட்சம் லிட்டர்.

அதே நிலத்துல கட்டடம், பார்க்கிங், பேவர் பிளாக், தார் ரோடு எல்லாம் வந்தாச்சு. இப்ப 85 பங்கு ஓடும். 17 லட்சம் லிட்டர்.

வித்தியாசம் 11 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரியில ஏத்தினா 90 லாரிக்கு மேல. ஒரே ஒரு மணி நேரத்துல, ஒரே ஒரு ப்ராஜெக்ட்ல இருந்து.

6/
அந்த 90 லாரித் தண்ணி முன்னாடி அந்த ஊர்ல கிடையாது. அந்தக் குடியிருப்பு வந்ததால உண்டானது. அப்ப அதுக்குப் பொறுப்பு யாரு? பக்கத்துத் தெருவுல 30 வருஷமா ஓட்டு வீட்டுல இருக்கிற அம்மாவா?

7/
இதுல இன்னொரு வேலையும் நடக்குது. தாழ்வான இடம்னு தெரிஞ்சா முதல்ல செய்யிறது மண்ணடிச்சு உயர்த்துறது. நாலு அடி, அஞ்சு அடி. வெள்ள அபாயத்தைப் பார்த்து நீர்வளத்துறை கொடுக்கிற தடையின்மைச் சான்றுலயே "மனையை இவ்வளவு உயரத்துக்கு நிரப்பணும்"னு நிபந்தனை வர்றது வழக்கம்.

உள்ள இருக்கிறவங்களுக்கு அது பாதுகாப்பு. சரி. ஆனா அந்த இடத்துல இதுவரைக்கும் நின்ன தண்ணி எங்க நிக்கும்? ஒரு பாத்திரத்துல தண்ணி இருக்கு; அதுல ஒரு செங்கல்லைப் போடுங்க. தண்ணி குறையாது, ஓரத்துல ஏறும். அந்த ஓரத்துலதான் பழைய ஊர் இருக்கு.

8/
அதோட, பழைய ரோட்டைச் சுரண்டாம அது மேலயே திரும்பத் திரும்ப ரோடு போடுறது. பத்து வருஷத்துல ரோடு உயர்ந்து வாசப்படி பள்ளமாயிடும். புதுக் குடியிருப்பு ஒரு பக்கம் மேடு, ரோடு ஒரு பக்கம் மேடு, நடுவுல பழைய வீடு ஒரு தொட்டி. தொட்டியில தண்ணி நிக்காம என்ன செய்யும்?

9/
இனி என் துறைக்கு வர்றேன். தண்ணி நின்னா என்ன வரும்? இதை ஒரு காலண்டர் மாதிரி பாருங்க. மழை நின்ன தேதியை வட்டம் போட்டுக்கோங்க.

10/
முதல் சில நாள்: மின்சாரம் தாக்கி வர்றவங்க, தண்ணிக்குள்ள கண்ணாடியும் ஆணியும் குத்தி வர்றவங்க, பாம்புக்கடி, வாந்தி, வயித்துப்போக்கு. இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். டிவியிலயும் வரும்.

11/
5 முதல் 14 நாள்: எலிக்காய்ச்சல், அதாவது லெப்டோஸ்பைரோசிஸ். சிலருக்கு ஒரு மாசம் கழிச்சுக்கூட வரும். வளைக்குள்ள தண்ணி புகுந்ததும் எலி வெளியே வரும். அதோட சிறுநீர்ல இருக்கிற கிருமி தேங்கின தண்ணியில கலக்கும். உங்க கால் வெடிப்பு, சிராய்ப்பு வழியா உள்ள போகும்.

கடுமையான காய்ச்சல், கெண்டைக்கால்ல தொட முடியாத வலி, பீளை இல்லாம கண் சிவப்பு. இது மூணும் இருந்து, தண்ணியில நடந்திருந்தீங்கன்னா, "நான் வெள்ளத்துல நடந்தேன்"னு டாக்டர்கிட்ட முதல் வார்த்தையா சொல்லுங்க. முத்தினா மஞ்சள் காமாலை, கிட்னி செயலிழப்பு, நுரையீரல்ல ரத்தக்கசிவு வரைக்கும் போகும். நேரத்துல கண்டுபிடிச்சா சாதாரண ஆன்டிபயாடிக்லயே குணமாகும்.

12/
2 முதல் 4 வாரம்: டெங்கு, டைபாய்டு. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதுக்குள்ள வைரஸ் வளர இன்னும் ஒரு வாரத்துக்கு மேல. கடிச்ச பிறகு உங்களுக்குக் காய்ச்சல் வர 4 முதல் 10 நாள். கூட்டிப் பாருங்க. மழை நின்னு மூணாவது, நாலாவது வாரம் வார்டு நிறையிறதுக்குக் காரணம் இதுதான்.

13/
ஒரு மாசம், ஒன்றரை மாசம் கழிச்சு: மஞ்சள் காமாலை. ஹெபடைட்டிஸ் ஏ உடம்புக்குள்ள போய் நோயா தெரிய 15 முதல் 50 நாள். ஹெபடைட்டிஸ் ஈ அதைவிடத் தாமதமாகவும் வரும். இந்த ஈ வகை, நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கு எமன். கடைசி மூணு மாசத்துல தொற்று வந்தா நூத்துல 20, 25 பேர் வரைக்கும் இறக்கலாம்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது.

14/
இப்ப கவனிங்க. தண்ணி வடிஞ்ச அன்னிக்கே டிவி கேமரா கிளம்பிடும். அமைச்சர், அதிகாரி, நிவாரணம், எல்லாம் முடிஞ்சிடும். எங்க வேலை அதுக்குப் பிறகுதான் ஆரம்பிக்கும்.

தை மாசம் ஒரு பொண்ணு கண்ணு மஞ்சளா வந்து நிக்கும்போது, அது கார்த்திகையில சம்புக்குள்ள போன தண்ணின்னு யாரும் எழுதி வைக்கிறது இல்ல. கேஸ் ஷீட்டுல "காமாலை"ன்னு இருக்கும், "வடிகால்"னு இருக்காது. அதனாலதான் யாருக்கும் உறைக்கவே மாட்டேங்குது.

15/
சம்பு பத்தி ஒரு வார்த்தை. நம்ம அபார்ட்மென்ட்கள்ல குடிக்கிற தண்ணி இருக்கிறது தரைக்குக் கீழே. மூடி தரை மட்டத்துல. பல இடத்துல கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் பேஸ்மென்ட்ல. பேஸ்மென்ட்ல தண்ணி புகுந்தா கரன்ட் போகும், மோட்டார் நிக்கும், சுத்தம் பண்ணாத கழிவு வெள்ளத்தோட கலக்கும். அதே தண்ணி சம்பு மூடிக்கு மேல நிக்கும்.

கோடி ரூபா வீடுன்னாலும் சரி, குடிசைன்னாலும் சரி, கிருமிக்கு அது தெரியாது.

16/
"எங்க ப்ராஜெக்ட்ல உள்ள வடிகால் இருக்கு சார்"னு பில்டர் சொல்வார். இருக்கும். கேள்வி அது இல்ல. அந்த வடிகால் எங்க போய் முடியுது?

கேட் வரைக்கும் அழகா ப்ரீகாஸ்ட் கான்கிரீட் கால்வாய். கேட்டுக்கு வெளியே? ரோட்டோர மண்ணுல திறந்து விட்டிருப்பாங்க. இல்லன்னா ஏற்கெனவே நிரம்பி வழியிற ஊராட்சி வாய்க்கால்ல. போக வழியில்லாத வடிகால், வடிகால் இல்ல. நீளமான தொட்டி.

17/
தொட்டின்னா கொசு. வடிகால் ஓட ஒரே சீரான சரிவு வேணும். நூறு மீட்டருக்கு 20 செ.மீ. இறக்கம்னு டிசைன்ல போட்டா, கட்டும்போது நடுவுல ஒரு இடம் 10 செ.மீ. பள்ளமாயிட்டா போதும், அங்க மாசக்கணக்குல தண்ணி நிக்கும்.

வண்டல் பிடிக்கிற குழி, போற குழாயைவிட ஆழமா இருக்கும். அதைத் தூர் வாரலைன்னா அதுலயும் நிக்கும். கழிவு கலந்த தண்ணின்னா க்யூலெக்ஸ், நல்ல தண்ணின்னா ஏடிஸ். ஆக, தப்பா கட்டின வடிகால் வெள்ளத்தையும் தடுக்காது, வருஷம் முழுக்க கொசுவையும் வளர்க்கும். காசு கொடுத்து நோய் வாங்குறது இதுதான்.

18/
இன்னொரு அநியாயம்: மழைநீர் வடிகால்ல கழிவுநீர் இணைப்பைச் சொருகுறது. மழைநீர் வடிகால் வேற, பாதாளச் சாக்கடை வேற. முதலாவது ஏரிக்கும் ஆத்துக்கும் நேரா போகும், சுத்திகரிப்பு கிடையாது. ரெண்டாவது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகணும்.

ரெண்டையும் ஒண்ணாக்கினா, மழை வந்ததும் தெருவுல ஏறுறது மழைத்தண்ணி இல்ல. நேத்து ராத்திரி கக்கூஸ்ல ஊத்தினது.

19/
நம்ம ஊர் அமைப்பு தெரியாம இதைப் பேச முடியாது. தென்சென்னையில ஏரிகள் சங்கிலி மாதிரி. ஒரு ஏரி நிறைஞ்சா கலங்கல் வழியா அடுத்த ஏரிக்கு. கடைசியில பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் பக்கம் கடல்.

மாம்பலம் பக்கம் இருந்த நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் 1920கள்ல தி.நகர் வந்தது. ஏரி போயிடுச்சு, மேற்கு மாம்பலத்துல "லேக் வியூ ரோடு"ன்னு பேர் மட்டும் நிக்குது. மழை வந்தா தண்ணி மட்டும் தன் பழைய வீட்டைத் தேடி வருது.

20/
பள்ளிக்கரணை 1960கள்ல 5,000 ஹெக்டேருக்கு மேல பரந்து கிடந்தது. இன்னிக்கு ராம்சார் பட்டியல்ல இருக்கிறது (2022ல சேர்த்தாங்க) சுமார் 1,248 ஹெக்டேர். மத்த இடத்துல குப்பைக் கிடங்கு, ரோடு, ஐடி கம்பெனி, அடுக்குமாடி.

சதுப்பு நிலம்னா "சும்மா கிடக்கிற இடம்" இல்ல மக்களே. உடம்புக்குக் கிட்னி எப்படியோ, ஊருக்குச் சதுப்பு அப்படி. கிட்னியில முக்கால் பாகத்தை வெட்டிட்டு, "ஏன் கால் வீங்குது?"ன்னு கேட்கிறோம்.

21/
இதுல என்னை ரொம்ப உறுத்துறது செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும்.

சுனாமிக்குப் பிறகு கடற்கரைக் குப்பத்து மக்களையும், நகரத்துக் குடிசைவாசிகளையும் கொண்டுபோய் வெச்சது செம்மஞ்சேரி. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைக் குடும்பங்களை மாத்தினது பெரும்பாக்கம். "ஆத்தங்கரை ஆபத்து, பாதுகாப்பான இடம் தர்றோம்"னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாங்க. போன இடம் சதுப்பு நிலத்து ஓரம். பெரிய மழைன்னா அங்கயும் தண்ணி நிக்குது.

22/
அங்க எட்டாவது மாடியில இருக்கிற சர்க்கரை நோயாளிக்கு வீட்டுக்குள்ள தண்ணி வராது, உண்மை. ஆனா கரன்ட் இல்ல, லிஃப்ட் இல்ல, மோட்டார் இல்ல, குடிக்கத் தண்ணி இல்ல. கீழ இறங்கினா முழங்கால் அளவு. வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை டயாலிசிஸ் போறவங்களுக்கு இதுல ரெண்டு நாள் தாமதம்கூட உயிர் போற விஷயம்.

வடிகால் இல்லாத ஆயிரம் வீடு கட்டுறது, வீடு கொடுக்கிறது ஆகாது. ஆளுங்களை அடுக்கி வைக்கிறது.

23/
இப்ப வழக்கமா வர்ற பதில்களுக்கு வர்றேன்.

"சார், 2015ல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 செ.மீ. பெஞ்சுது. எந்த வடிகால் தாங்கும்?"

தாங்காது. ஒத்துக்கிறேன். அந்த மாதிரி மழைக்கு உலகத்துல எங்கயும் தெரு வடிகால் கட்ட மாட்டாங்க. ஆனா நான் கேட்கிறது 49 செ.மீ. மழையைப் பத்தி இல்ல. 7 செ.மீ. மழைக்கு அஞ்சு நாள் தண்ணி நிக்குதே, அதைப் பத்தி. அபூர்வ மழையைக் காட்டி சாதாரண மழைக்குத் தப்பிக்காதீங்க.

24/
"வடிகால் போடுறது அரசு வேலை."

ஊருக்கு நடுவுல ஓடுற பெரிய கால்வாய் அரசு வேலை. சந்தேகமே இல்ல. கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மன் வங்கிக் கடன், கொசஸ்தலையாறு வடிநிலத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன்னு வாங்கி சென்னை மாநகராட்சி கட்டிட்டு இருக்கு. அது நம்ம பணம். நாம திருப்பிக் கட்டணும்.

ஆனா என் வரிப்பணத்துல கட்டின கால்வாயில, உங்க லாபத்துக்காக உண்டான 90 லாரித் தண்ணியைக் கொட்ட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

25/
"வீட்டு விலை ஏறிடும் சார். நடுத்தர வர்க்கம் எப்படி வாங்கும்?"

மேல போட்ட கணக்கைத் திரும்ப எடுங்க. கூடுதலா ஓடுற 11 லட்சம் லிட்டரைப் பிடிச்சு வைக்க எவ்வளவு இடம் வேணும்? 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம். 600 சதுர மீட்டர். மூணு கிரவுண்டுக்கும் குறைவு.

10 ஏக்கர்னா 181 கிரவுண்ட். அதுல மூணு கிரவுண்ட் கொடுக்க முடியலையா?

26/
பள்ளிக்கரணை ஓரம் மாதிரி களிமண், நிலத்தடி நீர் மேலயே இருக்கிற இடம்னா ஆழமா தோண்ட முடியாது. சரி, ஒரு மீட்டர் ஆழம், ஆறு கிரவுண்ட். விளையாட்டு மைதானத்தையே கொஞ்சம் தாழ்வா அமைச்சா, மழைக்கு ரெண்டு நாள் குளம், மத்த நாள் கிரிக்கெட். நீண்ட நேர மழைக்கு இன்னும் கொஞ்சம் பெருசா வேணும். அதை இன்ஜினியர் கணக்கு போடட்டும்.

டாக்டரா என் நிபந்தனை ஒண்ணுதான்: நாலு நாளுக்குள்ள வத்தணும். இல்லன்னா மீன் விட்டு நிரந்தரக் குளமா பராமரிக்கணும். ரெண்டும் இல்லாத குட்டை வேண்டாம்.

27/
"இதெல்லாம் பேப்பர்ல நல்லா இருக்கும். நடைமுறைக்கு ஒத்து வராது."

சிங்கப்பூர் நம்மளைவிட அதிகமா மழை பெய்யிற ஊர், இட நெருக்கடி உள்ள ஊர். 2014 ஜனவரியிலிருந்து அங்க 0.2 ஹெக்டேர், அதாவது சுமார் அரை ஏக்கர், அதுக்கு மேல எந்தப் புதுக் கட்டுமானம்னாலும் தண்ணி வெளியேறுற வேகத்தைத் தன் இடத்துக்குள்ளயே கட்டுப்படுத்தணும்.

வேல்ஸ்ல 2019 ஜனவரியிலிருந்து ஒரு வீட்டுக்கு மேல கட்டினாலே மழைநீர் திட்டத்துக்குத் தனி அனுமதி. அனுமதி வாங்காம கட்டுமானம் தொடங்கவே கூடாது.

28/
அவ்வளவு தூரம் போவானேன்? 2003ல தமிழ்நாடு எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிச்சு. நாட்டுக்கே முன்மாதிரி. அப்ப முடிஞ்சது, இப்ப ஏன் முடியாது?

ஆனா ஒண்ணு. மணல் பூமியில வேலை செய்யிற சேகரிப்புக் குழி, களிமண்ல செய்யாது. மொட்டை மாடிக் குழாயை ஒரு குழியில விட்டுட்டு "ஆச்சு"ன்னு கையெழுத்துப் போடுறது சேகரிப்பு இல்ல, சடங்கு.

29/
நீங்க என்ன செய்யணும்? அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதெல்லாம் கேளுங்க:

அ) மழைநீர் வடிகால் வரைபடம் கொடுங்க. அது கடைசியா எங்க சேருதுன்னு காட்டுங்க. காட்டினா, நடந்து போய் உங்க கண்ணால பாருங்க.

ஆ) அந்த சர்வே நம்பரோட புல வரைபடத்தையும் கிராம வரைபடத்தையும் பாருங்க. உள்ளயோ ஒட்டியோ வாய்க்கால், ஓடை, ஏரி புறம்போக்கு இருக்கா? கூகுள் எர்த்ல பழைய வருஷப் படங்களையும் பாருங்க. தண்ணி நின்ன இடம் தெரிஞ்சிடும்.

30/
இ) நீர்வளத்துறை தடையின்மைச் சான்றை முழுசா கேளுங்க. முதல் பக்கம் மட்டும் இல்ல, நிபந்தனைப் பக்கம்.

ஈ) ஈபி பேனல், ஜெனரேட்டர், கழிவுநீர் சுத்திகரிப்பு மோட்டார் எந்த மட்டத்துல இருக்கு? சம்பு மூடி தரையிலிருந்து எத்தனை அடி உயரம்?

உ) வடிகாலைத் தூர் வாருறது யார் பொறுப்பு? சங்கத்துக்கு ஒப்படைச்ச பிறகு?

ஊ) கார்த்திகை மாசம், நல்ல மழை நாள்ல சைட்டுக்குப் போங்க. சேல்ஸ் ஆபீஸ்ல கேட்காதீங்க. பக்கத்துப் பழைய தெரு டீக்கடையில கேளுங்க. அவங்க உண்மையைச் சொல்லிடுவாங்க.

31/
ஏற்கெனவே வாங்கிட்டீங்களா? 2016 ரியல் எஸ்டேட் சட்டத்துல, பில்டர் செய்து தர வேண்டிய உள் வேலைகள் பட்டியல்லயே வடிகாலும் இருக்கு. பிரிவு 14(3) படி, வீட்டை ஒப்படைச்ச 5 வருஷத்துக்குள்ள கட்டுமானத்துலயோ சேவை வசதியிலயோ குறை இருந்து நீங்க தெரிவிச்சா, 30 நாளுக்குள்ள செலவு வாங்காம சரி செய்து தரணும். செய்யலைன்னா ரெராவுக்குப் போகலாம்.

தண்ணி நிக்கிறதைத் தேதியோட போட்டோ, வீடியோ எடுத்து வைங்க. எழுத்துல புகார் கொடுங்க. வாட்ஸ்அப்ல திட்டுறது புகார் ஆகாது.

32/
அரசுக்கும், சிஎம்டிஏவுக்கும், டிடிசிபிக்கும் என் கோரிக்கை:

ஒண்ணு: பெரிய குடியிருப்பு எதுவா இருந்தாலும், கட்டின பிறகு வெளியேறுற தண்ணி கட்டுறதுக்கு முன்னாடி வெளியேறினதைவிடக் கூடக் கூடாது. அனுமதியிலயே எண்ணா எழுதுங்க.

ரெண்டு: அஸ்திவாரத்துக்கு முன்னாடி வடிகால். கடைசியில மிச்சக் காசுல போடுறது இல்ல.

மூணு: பணி நிறைவுச் சான்று கொடுக்கிறதுக்கு முன்னாடி, வடிகால்ல தண்ணி விட்டுப் பாருங்க. வெளியே போற வாய் வரைக்கும் நடந்து போய்ப் பாருங்க.

நாலு: மண்ணடிச்சு உயர்த்த அனுமதி கொடுத்தா, அந்தத் தண்ணிக்கு மாற்று இடம் எங்கன்னு அதே பக்கத்துல எழுதுங்க.

அஞ்சு: அரசு கட்டுற குடியிருப்புக்கும் இதே விதி. அங்கதான் முதல்ல.

33/
இதுல அரசியல் பண்ண எனக்கு ஆசை இல்ல. எந்த ஆட்சியில எந்த ஏரிக்குப் பட்டா போச்சுன்னு பட்டிமன்றம் நடத்துறதுக்குள்ள அடுத்த மழை வந்துடும். பின்னூட்டத்துல அந்தச் சண்டையை ஆரம்பிக்காதீங்க, ப்ளீஸ்.

34/
ஒரு டாக்டரா நான் டாக்சிசைக்ளின் எழுதுவேன், ட்ரிப்ஸ் போடுவேன், தட்டணுக்களை எண்ணுவேன், காமாலைக்காரங்களுக்கு ஓய்வு சொல்லி அனுப்புவேன். அதெல்லாம் என் வேலை, செய்யறேன். (நீங்களா மெடிக்கல் ஷாப்ல மாத்திரை வாங்கிப் போடாதீங்க. குறிப்பா கர்ப்பிணிகள்.)

ஆனா ஒரு தெருவுக்கே வர்ற நோயை ஒவ்வொரு ஆளா பிடிச்சு வைத்தியம் பார்க்கிறதுக்குப் பேர் மருத்துவம் இல்ல. ஓட்டை வாளியில தண்ணி இறைக்கிறது.

35/
கேட்டுக்குள்ள தண்ணி வரலைன்னு நிம்மதியா இருக்கிற ஒவ்வொருத்தரும், அடுத்த மழையில மாடியில நின்னு கேட்டுக்கு வெளியே பாருங்க. உங்க வீட்டுல பாத்திரம் தேய்க்கிற அக்கா, உங்க செக்யூரிட்டி அண்ணன், உங்க குழந்தையை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போற ஆட்டோக்காரர், எல்லாரும் அந்தப் பள்ளத்துலதான் இருக்காங்க. காலையில அவங்கதான் உங்க கேட்டுக்குள்ள வர்றாங்க. எலிக்கும் கொசுவுக்கும் கேட் பாஸ் தேவையில்ல.

இந்த த்ரெட்டை உங்க அபார்ட்மென்ட் க்ரூப்ல போடுங்க. வீடு தேடுற நண்பருக்கு அனுப்புங்க. அடுத்த தடவை சேல்ஸ்மேன் நீச்சல் குளத்தைக் காட்டும்போது, "ரொம்ப அழகா இருக்கு. மழைத்தண்ணி எங்க போகும்?"னு கேளுங்க.

பதில் வர்ற வரைக்கும் செக்புக்கைத் திறக்காதீங்க.